முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுங்கள்

நோட்டு வாங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். கெட்டி அட்டை, வழவழப்பான வெள்ளைத் தாள், பக்கம் அடையாளம் வைக்க ஒரு சிவப்பு நாடாகூட இருக்கும். இன்னும் அது அலமாரியில் துணிகளுக்கு அடியில்தான் கிடக்கிறது. நல்ல நோட்டாயிற்றே, நல்லதாக ஏதாவது தோன்றட்டும், பிறகு தொடங்கலாம் என்று வைத்திருப்பீர்கள்.

நாளைக் காலையில் டிகாஷன் இறக்கும்போது ஒரு ஸ்பூன் தனியாக எடுத்து வையுங்கள். ஆறியதும் அந்த முதல் பக்கத்தின் நடுவில் ஊற்றுங்கள். நோட்டை அப்படியும் இப்படியும் சாய்த்து ஓடவிடுங்கள். டம்ளரின் அடியை அதில் தோய்த்து இரண்டு வட்டம் பதியுங்கள். தாள் சுருங்கும், பின்பக்கம் ஊறும். ஊறினால் ஊறட்டும். இனி அந்த நோட்டை யாருக்கும் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க முடியாது. இனிமேல்தான் அது உங்கள் நோட்டு.

ஆர்ட் ஜர்னல் என்று கடைகளிலும் வகுப்புகளிலும் சொல்கிறார்களே, அதை இந்த நூல் முழுக்கப் பட நோட்டு என்றே சொல்லி வருகிறேன். எழுத்து, கோடு, நிறம், ஒட்டிய துண்டு எல்லாம் ஒரே நோட்டில் கலந்து கிடக்கும். அன்றன்றைக்கு மனம் இருக்கிற நிலையில் அன்றன்றைக்கு ஒரு பக்கம். ஓவியம் பழகுகிறவர் வைத்திருக்கும் பயிற்சி நோட்டு வேறு. அதில் போன மாதத்தைவிட இந்த மாதம் கை தேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட நோட்டில் தேற வேண்டிய பாடம் எதுவும் இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளத்தான் பலருக்கும் ஒரு நோட்டு முழுக்கச் செலவாகிறது. எனக்கு இரண்டு நோட்டு ஆனது.

தாகூர் அடித்த அடித்தல்கள்

ரவீந்திரநாத் தாகூர் 1924 நவம்பரில் உடல்நிலை சரியில்லாமல் அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. புவெனஸ் ஐரிஸ் நகரத்துக்கு வெளியே சான் இசித்ரோ என்ற ஊரில், விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் ஏற்பாடு செய்த வீட்டில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 63. ‘பூரபி’ தொகுப்புக்கான கவிதைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிடிக்காத வரியை எல்லோரையும்போல அடித்தார். ஆனால் அடித்த கோட்டை அப்படியே விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு அடித்தலை இன்னொரு அடித்தலோடு இணைத்தார். அது ஒரு பறவையின் அலகாயிற்று, பெயர் தெரியாத விலங்கின் முதுகாயிற்று, முகமாயிற்று. நோட்டைப் பார்த்த ஒகாம்போவுக்கு அந்த உருவங்கள் வியப்பாக இருந்தன. 1930-இல் பாரிஸில் தாகூரின் ஓவியங்களுக்கு முதல் கண்காட்சி நடந்தபோது அதற்குத் துணைநின்றவரும் அவரே. முறையாக ஓவியம் படிக்காத தாகூர், வாழ்நாளின் கடைசிப் பகுதியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருக்கிறார்.

பெரிய மனிதர் கதையைச் சொல்லி உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். வெள்ளைத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு ‘இன்றைக்கு என்ன வரையலாம்’ என்று அவர் யோசிக்கவில்லை. கெட்டுப்போன ஒரு வரியில் பேனாவை வைத்தார். கறை இருக்கும் தாளில் கைக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வெற்றுத் தாளில் அந்தப் பிடி கிடையாது. உங்கள் காபிக் கறை காய்ந்ததும் அதன் ஓரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் மெல்லத் தொடர்ந்து வாருங்கள். எங்கோ ஒரு வளைவு ஆட்டுக் காதுபோல இருக்கும். காது போதும். மீதி ஆடு தானாக வந்து சேரும். வராவிட்டால் அது வெறும் காது, அதனால் குடி முழுகிப் போய்விடாது.

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ தன் கடைசிப் பத்தாண்டுகளில் எழுதிய நாட்குறிப்பிலும் இதே ஒழுங்கின்மையைப் பார்க்கலாம். மைக் கறைகள், கடிதம்போல ஓடும் வரிகள், நடுவில் முழுப் பக்கப் படங்கள். 1953-இல் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தக் காலமும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. சுவரில் மாட்டிய அவருடைய ஓவியங்களில் இருக்கும் தீர்க்கமான கோடு இந்த நோட்டில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

‘எனக்கு வரைய வராதுங்க’

இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் குறைவு. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ போய் நிற்கும். டிராயிங் பீரியடில் வரைந்த மாம்பழத்தைப் பார்த்து ஆசிரியர் ஏதோ சொன்னார், வகுப்பே சிரித்தது, அன்றோடு முடிந்தது. மாம்பழம் அழுகி நாற்பது வருடம் ஆகிறது, சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

வரைய வராது என்று சொல்லும் அதே அம்மா மார்கழி மாதம் வாசலில் 15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளி வைத்து, கணக்குத் தவறாமல் கோலம் இழுத்து முடிப்பார். பழைய டைரி ஒன்றில் வாரப் பத்திரிகைகளைப் பார்த்து எடுத்த கோலங்களைப் பத்து வருடமாகச் சேர்த்திருப்பார். அது என்ன என்று கேட்டால், ‘அதுவா, அது கோல நோட்டு’ என்பார். அதை யாரும் அவருக்கு ஓவியம் என்று சொல்லித்தரவில்லை. ஒருவேளை அதனால்தான் அது தப்பித்தது. போனில் பேசிக்கொண்டே கரண்ட் பில்லின் பின்புறத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு நிரப்பும் அப்பாவுக்கும் இதே கதைதான்.

கோலத்தில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. விடிகாலையில் அவ்வளவு பாடுபட்டுப் போட்டதை எட்டு மணிக்குப் பால்காரர் சைக்கிள் ஏற்றிக் கலைப்பார். யாரும் அழுவதில்லை. நாளைக்கு வேறு கோலம். பட நோட்டின் பக்கத்தையும் அந்த மனதோடு போடப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

வரையத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பலன் கிடைக்குமா என்ற சந்தேகத்துக்கு ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 39 பேர், 45 நிமிடம். மார்க்கர், களிமண், வெட்டி ஒட்டும் காகிதம், எதை வேண்டுமானாலும் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து, மன அழுத்தத்தோடு ஏறும் கார்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் தெரியவில்லை. மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, படம் எதுவும் செய்யாத இன்னொரு குழுவையும் அவர்கள் வைக்கவில்லை. ஆகவே இதை மருந்துச் சீட்டுபோல நீட்டுகிறவர்களை நம்பாதீர்கள். ‘உங்களுக்கு வரையத் தெரியாததால் பலிக்காது’ என்று சொல்ல இடமில்லை. இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவ்வளவுதான்.

சாமான்கள்

குறைவாக வாங்குங்கள். விலை உயர்ந்த சாமானும் வழவழப்பான நோட்டைப்போலத்தான், கையைக் கட்டிப்போடும்.

பேனா, பென்சில், பசைக்கு மட்டும் என்றால் சாதாரணக் கோடு போடாத நோட்டு போதும். தண்ணீர் நிறம் தடவ வேண்டும் என்றால் ஜெராக்ஸ் தாள் தாங்காது. அதன் கனம் 70, 80 ஜிஎஸ்எம்தான். 150-க்கு மேல் உள்ள டிராயிங் தாளாகக் கேட்டு வாங்குங்கள். 300 ஜிஎஸ்எம் தாள் வாட்டர் கலர் ஓவியர்களுக்கானது, விலையும் அதிகம், இப்போதைக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் ஸ்பைரலைவிடத் தையல் போட்ட நோட்டே நல்லது. ஸ்பைரலில் பிடிக்காத பக்கத்தைக் கிழிப்பது மிகச் சுலபம். கிழிக்க வசதி இருந்தால் கிழிப்போம்.

பேனாவில் ஒரு நுணுக்கம் உண்டு. பால்பாயிண்ட் மை தண்ணீர் பட்டால் பெரும்பாலும் அசையாது. ஜெல் பேனா மை பெரும்பாலும் கரைந்து ஓடும். எழுதியதன்மேல் நிறம் தடவப் போகிறீர்களா, எழுதியதையே கரைக்கப் போகிறீர்களா என்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அழுத எழுத்துபோல் ஓடும் ஜெல் பேனா சில நாட்களுக்குச் சரியாகப் பொருந்தும்.

நிறத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வாட்டர் கலர் டப்பா, ஒரு பெட்டி ஆயில் பேஸ்டல், ஒரு சின்ன வெள்ளை அக்ரிலிக். மீதி அடுப்படியில் இருக்கிறது. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தடவினால் மஞ்சள். அதன்மேல் துளி சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டால், ஆரத்தித் தட்டில் பார்ப்போமே, அந்தச் சிவப்பு. சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு எடுத்தால் நீலம், அதில் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் ஊதா. இந்த நிறங்கள் நிலைக்காது. மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், மூடிய நோட்டுக்குள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நிறம் மாறுகிற அந்த நொடியைக் கண்ணெதிரே பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். மனம் கனத்துக் கிடக்கும் நாளில் அந்த ஒரு சொட்டு எலுமிச்சை போதும் என்று தோன்றும்.

ஒட்டுவதற்குப் பஸ் டிக்கெட், கிழித்த நாட்காட்டித் தாள், மாத்திரை அட்டை, பூக்கட்டிய நாரின் துண்டு, ஊதுபத்தி உறை. ஃபெவிகாலை விரலால் மெலிதாகத் தடவினால் தாள் சுருங்காது. அக்ரிலிக் தடவிய இரண்டு பக்கங்கள் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரியும். நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். நான் இதைத் தெரிந்துகொள்ள நான்கு பக்கங்களைப் பலிகொடுத்தேன்.

முதல் வாரம்

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் லிண்டா பேரி தன் மாணவர்களுக்குத் தரும் தினசரிப் பயிற்சி ஒன்று உண்டு. 2014-இல் வந்த ‘சிலபஸ்’ நூலில் அதை விளக்கியிருக்கிறார். பக்கத்தை நான்காகப் பிரித்து, இன்று செய்தவை, பார்த்தவை, காதில் விழுந்த ஒரு பேச்சு, ஒரு படம் என்று நிரப்ப வேண்டும். உணர்ச்சியைப் பற்றி ஒரு கட்டம்கூட அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை நான் சுருக்கி வைத்திருக்கிறேன். முதல் வாரம் முழுக்க இது மட்டும் போதும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

செய்தது மூன்று, பார்த்தது மூன்று. ‘பார்த்தது’ என்பதில் பொதுவாக எழுதாதீர்கள். ‘பஸ்ஸில் கூட்டம்’ என்றால் அதில் நீங்கள் இல்லை. ‘கண்டக்டர் காதில் செருகிய பென்சிலின் முனை ஒடிந்திருந்தது’ என்றால் நீங்கள் அங்கே இருந்திருக்கிறீர்கள். காதில் விழுந்தது ஒன்று, சொன்னபடியே: ‘அவனுக்கென்ன, சாம்பார்ல முருங்கைக்காய் மாதிரி எல்லாத்துலயும் இருப்பான்.’ நான்காவது கட்டத்தில் மேலே எழுதியவற்றில் ஒன்றை வரையுங்கள். அந்தப் பென்சில், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று நாளில் ஒரு மாற்றம் தெரியும். இரவு நோட்டில் எழுத மூன்று வேண்டுமே என்று பகலில் கண் தேட ஆரம்பிக்கும். கவலையில் இருக்கும் மனம் நாளைக்கும் நேற்றைக்கும்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒடிந்த பென்சில் முனை அதை இழுத்து இன்றைக்குள் உட்கார வைக்கிறது. இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. பெயர் தெரியாமலே செய்யலாம்.

வலிக்கிற நாளில் என்ன வரைவது

இங்கேதான் பட நோட்டைப் பற்றிப் பேசும் பலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘மனதில் இருப்பதையெல்லாம் தாளில் கொட்டிவிடுங்கள், லேசாகிவிடும்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொட்டிய பிறகு இன்னும் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற இரு உளவியலாளர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். 2013-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளிடம் மனதுக்கு ஏமாற்றம் தந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு சிலரை அந்த நிகழ்ச்சியையே வரையச் சொன்னார்கள், சிலரை அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு வீட்டை வரையச் சொன்னார்கள். வீடு வரைந்த பிள்ளைகளின் மனம்தான் கூடுதலாகத் தேறியது. பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளிலும் அந்த நேரத்து ஆறுதலுக்குக் கொட்டித் தீர்ப்பதைவிடக் கவனத்தை வேறொன்றில் திருப்பும் படமே உதவியது.

எனக்கு இதைப் படித்ததும் நாம் எல்லோரும் பள்ளியில் வரைந்த அந்தப் படம் நினைவுக்கு வந்தது. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை, மேலே இரண்டு வளைகோட்டில் பறவை. ஊர் ஊருக்கு ஒரே படம். கற்பனையே இல்லாத படம் என்று கேலி செய்வார்கள். வலிக்கிற நாளில் அதை எடுங்கள். கைக்கு வழி தெரிந்த படம் அது, மூளையைக் கேட்காமலே போகும். குடிசைக்குக் கூரை வேயும்போது ஒவ்வொரு கீற்றாகப் போடுங்கள், அவசரம் வேண்டாம். அது பிடிக்காவிட்டால் ஐந்து புள்ளியில் ஒரு சிக்குக் கோலம். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அதை முடிக்கும்வரை வேறு எதையும் முழுதாக நினைக்க முடியாது.

என் அப்பா 11 நாள் மருத்துவமனையில் இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கழற்றிப்போட்ட செருப்புகளைத்தான் நான் தினமும் வரைந்தேன். வார் அறுந்து ஊசி குத்தியது, புதுசு, ஒரு குழந்தையின் பீப்பீ செருப்பு. அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட அந்தப் பக்கங்களில் இல்லை. உள்ளே போக விடும் மாலை நான்கு மணிவரை நேரம் போக வேண்டியிருந்தது, போனது.

அப்படியானால் வலியைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதலாம், ஆனால் நேரம் பார்த்து. காயம் பச்சையாக இருக்கும்போது வேண்டாம். சில வாரமோ மாதமோ கழித்து, அதே நினைவு இன்னும் சுற்றிச் சுற்றி வந்தால் அப்போது உட்காருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், வாழ்க்கையில் தங்களை உலுக்கிய நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கூடுதலாகக் கனத்திருந்தது. அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் அதைப் பற்றித் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நான்கு நாள் என்ற எல்லை. நான்கு மாதம் அதையே எழுதச் சொல்லவில்லை.

பட நோட்டில் இதைச் செய்ய நான் சொல்லும் வழி இது. பால்பாயிண்ட் பேனாவால் பக்கம் முழுக்க எழுதுங்கள், எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், வரி மேல் வரி ஏறினாலும் சரி. கடிகாரத்தில் 15 நிமிடம் ஆனதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் வெள்ளை அக்ரிலிக்கைக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் தடவுங்கள். எழுத்து முழுதாக மறையாது, மூடுபனிக்குள் இருக்கும் மரங்கள்போல நிற்கும். காய்ந்ததும் அதன்மேல் எதையாவது செய்யுங்கள்: இலை வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள், நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டுங்கள். எழுதியது அடியில் இருக்கிறது. யாரும் படிக்க முடியாது, நீங்களும் திரும்பத் திரும்பப் படிக்க முடியாது. எழுதும்போது நெஞ்சு படபடத்தால், மூச்சு முட்டினால், 15 நிமிடத்துக்குக் காத்திருக்காமல் அங்கேயே மூடிவிடுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

சில சமயம் ஒன்றை வரைய உட்கார்ந்து வேறொன்று வந்து நிற்கும். லண்டனில் மேரியன் மில்னர் என்ற பெண்மணி, தனக்கு ஏன் ஓவியம் கைகூடவில்லை என்று குழம்பி, கையை அதன் போக்கில் கிறுக்கவிட்டுப் பார்த்தார். அமைதியான காட்சியை நினைத்து உட்கார்ந்தவருக்குக் கையில் வந்தவை அமைதியாக இல்லை. அதை ஆராய்ந்து 1950-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் அவர் மனப்பகுப்பாய்வு படித்தவர். உங்கள் பக்கத்தில் கறுப்பு அதிகமாக இருப்பதால் உங்களுக்கு மனச்சோர்வு என்று தோழியோ யூடியூபோ சொன்னால் காதில் வாங்காதீர்கள். டப்பாவில் கறுப்புதான் மிச்சம் இருந்திருக்கும்.

யார் கண்ணிலாவது பட்டால்?

கூட்டுக் குடும்பத்தில், ஹாஸ்டலில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. நோட்டைப் பூட்டி வைக்கலாம், ஆனால் பூட்டிய பெட்டி நம் வீடுகளில் கேள்வியை வரவழைக்கும். அதைவிட, திறந்து வைத்தாலும் புரியாதபடி வைப்பது மேல். மேலே சொன்ன மூடும் முறை ஒன்று. இன்னொன்று மெழுகுவத்தி. வெள்ளைத் தாளில் மெழுகுவத்தியால் எழுதினால் கண்ணுக்குத் தெரியாது. அப்படியே விடலாம். வேண்டும் என்று தோன்றுகிற நாளில் தண்ணீர் நிறம் தடவினால் மெழுகு பட்ட இடத்தில் மட்டும் ஒட்டாமல் எழுத்து வெள்ளையாக எழும்பும். மூன்றாவது வழி, உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம். மாமியார் பெயருக்கு ஒரு கத்தரிக்காய், மேனேஜருக்கு ஒரு மிக்ஸி. பக்கம் பூராவும் மிக்ஸியாக இருந்தால் சமையல் குறிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘என்னம்மா இது, சின்னப் புள்ள மாதிரி கிறுக்கிக்கிட்டு’ என்று கேட்டால் என்ன சொல்வது? ‘ஆமாம் அத்தை, பொழுது போகலை’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். மன ஆரோக்கியம், சிகிச்சை என்றெல்லாம் விளக்கப் போனால் நோட்டையே வாங்கிப் பார்ப்பார்கள்.

இந்த நோட்டு எதற்கு உதவாது

கலைச் சிகிச்சை என்பது வேறு தொழில். அந்தப் பெயரை 1942-இல் உண்டாக்கிய ஏட்ரியன் ஹில் ஒரு பிரிட்டிஷ் ஓவியர். 1938-இல் காசநோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து பொழுதைக் கழித்தவர், பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். அதிலிருந்து வளர்ந்த இன்றைய கலைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவர் எதிரில் இருப்பார். பட நோட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். அது அதன் பலம், அதன் குறையும் அதுவே.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வரைந்துகொண்டிருக்க வேண்டாம், அந்த நிமிடமே யாரிடமாவது பேசுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. பகலும் இரவும் கிடைக்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை நோட்டின் பின் அட்டை உள்பக்கத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். உங்களுக்கு வேண்டியிராது, நோட்டைத் தற்செயலாகத் திறக்கும் இன்னொருவருக்கு வேண்டியிருக்கலாம்.

முடிந்த நோட்டு

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். அழகாக இருக்காது என்று விட்டுவிட்டு, பிறகு எந்த வருடம் என்று தெரியாமல் முழிப்பவர்கள் அதிகம். முடித்த நோட்டை உடனே புரட்டிப் பார்க்காதீர்கள், ஆறு மாதமாவது கிடக்கட்டும். மைதாப் பசையில் ஒட்டியிருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். நிழலில் உலர்த்திய வேப்பிலையோ இரண்டு துண்டு வசம்போ ஒரு துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். சுவடிக் கட்டுகளுக்கு நம்மவர்கள் செய்த அதே ஏற்பாடுதான்.

வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நோட்டை நான் போகியன்று எரித்தேன், வருத்தமில்லை. இன்னொன்றை எரிக்கப் போய் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் அந்தச் செருப்புகள் இருந்தன.

இவ்வளவும் படித்துவிட்டு இன்னும் நோட்டை வெளியே எடுக்காதவர்கள் நாளைக் காலை ஒரு ஸ்பூன் டிகாஷனை மறந்துவிட வேண்டாம். காபியில் சர்க்கரை போடுவதற்கு முன்பே எடுங்கள், இல்லையென்றால் நோட்டுக்கு எறும்பு வரும்.